குழாய்க்குள் ஓர் இடச்சண்டை

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இன்சுலின் அளவுக்குக் கீழே ‘ஆர்ஐஏ முறை’ என்று போட்டிருக்கிறது, அது ‘ரேடியோ இம்யூனோ அஸே’ என்ற ரேடியோ சமாச்சாரமாமே, கதிர்வீச்சு உடம்புக்குள் போயிருக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போகாது. கதிரியக்கம் எல்லாம் சோதனைக் குழாயோடு சரி.

ஒரு லிட்டர் ரத்தநீரில் புரதம் சுமார் 70 கிராம் இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்த மாதிரி என்றால், அதில் இன்சுலின் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. எடை போட்டோ நிறம் பார்த்தோ இதைப் பிடிக்க முடியாது. இன்சுலினை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) வேண்டும். அது கிடைத்தாலும், எத்தனை பற்றியது என்று எண்ணுவது எப்படி?

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம். நோயாளியின் இன்சுலினை யாரும் எண்ணுவதே இல்லை! கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினைத் தெரிந்த அளவில் குழாயில் சேர்க்கிறார்கள். எதிர்ப்பொருளை வேண்டுமென்றே குறைவாக விடுகிறார்கள். பற்றிக்கொள்ள 100 இடம், அயோடின் ஒட்டியவை 200 என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் மாதிரியில் இன்சுலினே இல்லாவிட்டால் 100 இடமும் அயோடின்காரர்களுக்கே. மாதிரியிலிருந்து ஒட்டாத இன்சுலின் 200 வந்து சேர்ந்தால் ஆளுக்குப் பாதி, அதாவது 50. அதுவே 600 வந்தால் 25தான். எதிர்ப்பொருளுக்கு இருவரும் ஒன்றே, பாரபட்சம் கிடையாது. அப்புறம் பற்றியதையும் பற்றாததையும் பிரித்து, பற்றிய பகுதியின் கதிர்வீச்சைக் காமா கவுண்டரில் அளக்க வேண்டும். கதிர்வீச்சு குறையக் குறைய இன்சுலின் அதிகம் என்று அர்த்தம். அளவு தெரிந்த இன்சுலின் கரைசல்களை வைத்து முன்பே போட்ட வரைபடத்தில் பார்த்தால் விடை வந்துவிடும்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இந்த முறையைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் ரோசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கப் புறப்பட்டவர்களே அல்லர். உடம்பில் செலுத்திய இன்சுலின் எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுவந்தவர்களிடம் அது மெதுவாக மறைந்தது. மாட்டு, பன்றி இன்சுலினுக்கு எதிராக அவர்கள் உடல் எதிர்ப்பொருள் செய்து வைத்திருந்ததே காரணம். அவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகாது என்று நிபுணர்கள் சாதித்தார்கள். கட்டுரை திரும்பி வந்தது. தலைப்பிலிருந்து ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை எடுத்த பிறகுதான் 1956இல் அச்சேறியது. 1977இல் நோபல் உரையில் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே யாலோ எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். இந்த ஆய்விலிருந்து பிறந்த ஆர்ஐஏ முறைக்கு இருவரும் காப்புரிமை வாங்கவில்லை. ‘இதனால் என்ன பயன்?’ என்று முதல் பக்கத்திலேயே எழுதித் தந்தால்தான் நிதி என்கிறவர்களிடம் இந்தத் திட்டம் தப்பியிருக்குமா என்பது சந்தேகமே.

அளக்க முடிந்ததும் ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது: நடுவயதில் சர்க்கரை நோய் வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் தாராளமாகவே இருந்தது, சிலருக்குச் சராசரியை விட அதிகமாக.

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் வேதிப்பொருளை ஒட்டுகின்றன. ஆனால் கார்ட்டிசால் போன்ற சிறிய ஹார்மோன்களுக்கு இன்றும் இதே இடச்சண்டைதான். முறைக்கு முறை எண் கொஞ்சம் மாறும். அதனால் இரண்டு ஆய்வக அறிக்கைகளை அருகருகே வைத்துக் கவலைப்படாமல், அந்தந்த அறிக்கையில் போட்டிருக்கும் இயல்பு அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.