ஸ்கேன்: வருடலா, அலகிடலா?

'ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் கேள்வி, 'கதிர் பட்டா கேன்சர் வருமாமே?' எந்த ஸ்கேன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான்கைந்து வேறு வேறு கருவிகளுக்கு ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை இது.

சொல்லின் வேர் லத்தீன் 'ஸ்காண்டரே', அதாவது ஏறுதல். செய்யுளடியைப் பிரித்து ஓசை எண்ணுவதற்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் இது வழங்கியது. தமிழாசிரியர் குறளை நேர், நிரை என்று பிரித்து 'அலகிட்டு வாய்பாடு கூறுக' என்பாரே, அச்சு அசலாக அந்த வேலை! அப்புறம் 'கூர்ந்து பார்த்தல்' என்ற பொருள் சேர்ந்தது. தொலைக்காட்சி வந்தபோது படத்தை வரிவரியாகப் படிப்பதற்கும் இதையே சொன்னார்கள். மருத்துவமனைக்குள் நுழைந்தது அதற்கும் பிறகு.

தமிழில் அலகிடல், வருடல் இரண்டும் உண்டு. வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்தும் அல்ட்ராசவுண்டுக்கு வருடல் அழகாகப் பொருந்தும். எதுவும் உடம்பைத் தொடாத சி.டி.க்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் ஸ்கேன் என்றே இருக்கட்டும். அதற்கு முன்னால் வரும் பெயரைத் தமிழில் தெளிவாகச் சொன்னால் போதும்.

அல்ட்ராசவுண்ட் என்பது மீயொலி, வெறும் ஒலிதான். எம்.ஆர்.ஐ. காந்த அதிர்வுப் படம். காந்தமும் ரேடியோ அலையும். இரண்டிலும் ஊடுகதிர் கிடையாது. ஊடுகதிர், அதாவது எக்ஸ்ரே, இருப்பது சி.டி.யில். அதன் விரிவு 'கம்ப்யூட்டட் டோமோகிராஃபி'. இதில் வரும் 'டோமோ' கிரேக்கத்தில் வெட்டுத்துண்டு. ஆகவே கணினிக் குறுக்குவெட்டுப் படம். 1971-ல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையைத்தான் முதன்முதலில் இப்படி எடுத்தார்கள். ஊடுகதிர் அறைக் கதவில் கதிர் எச்சரிக்கைக்கான மூவிதழ்ச் சின்னமும் மேலே சிவப்பு விளக்கும் இருக்கும்.

சரி, எவ்வளவு கதிர்? அளவு மில்லிசீவெர்ட், ஸ்வீடன் நாட்டு இயற்பியலர் ரோல்ஃப் சீவெர்ட்டின் பெயர். மார்பு எக்ஸ்ரேக்குச் சுமார் 0.1 அல்லது அதற்கும் கீழே. தலை சி.டி.க்கு 2, வயிற்று சி.டி.க்கு 8 முதல் 10 வரை. சும்மா இருந்தாலே மண்ணும் காற்றும் வானமும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 கொடுக்கின்றன. 10 மில்லிசீவெர்ட்டால் உயிர்கொல்லிப் புற்றுநோய் வர 2000-ல் ஒரு பங்கு வாய்ப்பு கூடலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்கு. அந்நாட்டில் 2000 பேரில் ஏறக்குறைய 400 பேர் எப்படியும் புற்றுநோயால் இறக்கிறார்கள். அந்த 2000 பேரும் இந்த 10 மில்லிசீவெர்ட்டைப் பெற்றால் அது 401 ஆகும். இதுவும் பெரும்பாலும் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் கண்டதைச் சிறிய அளவுகளுக்கு நேர்கோடாக நீட்டிப் போட்ட மதிப்பீடு. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் 'மீயொலியில் பார்த்தால் போதாதா?' என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் தலையில் அடிபட்டவருக்கு அவசரமாகச் சொன்ன சி.டி.யை இந்தப் பயத்தில் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு குழப்பம்: கதிர்வீச்சும் கதிரியக்கமும் ஒன்றல்ல. ஒரு பொருள் தானாகவே கதிரை வீசிக்கொண்டிருப்பதுதான் கதிரியக்கம். சி.டி. கருவியை அணைத்ததும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. பெட் போன்ற சில ஸ்கேன்களில்தான் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றுகிறார்கள். பெட் ஸ்கேனில் பெரும்பாலும் ஏற்றும் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சில மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்கிறார்கள்.