யுரேனியா: தமிழில் விண்ணந்து

யுரேனியம், யுரேனஸ், யுரேனியா மூன்றுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் ‘ஊரனோஸ்’ என்றால் வானம். ‘ஊரானியா’ வானியலுக்குரிய கலைத்தேவி. 1807இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் அவள் பெயரை ஓர் அந்துப்பூச்சிப் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்குச் சூட்டினார். யுரேனியிடே என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. ‘இடே’ விலங்கியலில் குடும்பத்தைக் குறிக்கும் விகுதி.

வெப்பமண்டலத்தில் வாழும் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 700 இனங்கள். பெரும்பாலானவை சாதாரண நிறம்தான்; பெயர் வாங்கித் தந்தவை பகலில் பறக்கும் சில இனங்கள். அவற்றில் பேரழகி மடகாஸ்கரின் க்ரிசிரிடியா ரிஃபியஸ். கருஞ்சிறகில் பச்சை, பொன், செம்பு எல்லாம் மின்னும், பின்சிறகில் வால்கள் வேறு. லண்டன் வெள்ளி வேலைக்காரர் ட்ரு ட்ரூரி 1773இல் இதைப் பட்டாம்பூச்சி என்றே பதிவு செய்தார். குறை சொல்ல முடியாது, பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். உணர்கொம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: பட்டாம்பூச்சிக்கு நுனி குமிழாகத் தடித்திருக்கும், இதற்கு அப்படி இல்லை. மின்னும் நிறங்களும் சாயமல்ல. செதில்களின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிபவை, சோப்புக் குமிழியில் தெரிவதுபோல.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வானப் பட்டாம்பூச்சி’ என்றால் ட்ரூரி செய்ததையே நாமும் செய்வோம். ‘விட்டில்’ விளக்கைத் தேடி வருவது. சில ஊர்களில் வெட்டுக்கிளிக்கும் அதுதான் பெயர். பகலில் பறப்பதற்கு ஒட்டாது. மிஞ்சுவது அந்து. சென்னையில் இச்சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம். பழைய அரிசி மூட்டையைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் குட்டியாகப் பறப்பது அந்து. தி.நகரில் வாங்கிய பட்டுப்புடவையைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பீரோவில் போடுவது அந்துருண்டை. தானியப் பூச்சிக்கான இந்தச் சொல்தான் விரிந்து, பாடநூல்களில் ‘அந்துப்பூச்சி’ ஆனது.

ஆகவே விண் + அந்து = விண்ணந்து; குடும்பம், விண்ணந்துக் குடும்பம். அரிசிப் பூச்சியின் பெயரைத் தேவியோடு சேர்ப்பதா என்று சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. தென்னிந்தியாவில் காணப்படும் இக்குடும்ப உறுப்பினர் மைக்ரோனியா அக்யுலியேட்டாவைப் பாருங்கள்: வெள்ளைச் சிறகு, சாம்பல் கோடுகள், சிறு வால், அவ்வளவே. வானவில் எதுவும் இல்லை, அதுவும் விண்ணந்துதான்.

எழுதும்போது ‘மடகாஸ்கர் விண்ணந்து’ என்று ஊரைச் சேர்த்து எழுதலாம். இனத்தைத் துல்லியமாகச் சுட்ட வேண்டுமானால் அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.