கடல் சும்மாதான் கிடக்கிறது, நெஞ்சு ஏன் பதறுகிறது?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல். சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இலங்கையில் சுனாமி எச்சரிக்கை விடுத்தார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு எதிர்த்திசையில் ஓடியது. பெரிய அலை வரவில்லை. அந்த அதிர்வில் பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. 2004இல் நடந்ததுபோலக் கடற்படுகை மேலெழும்பித் தண்ணீரைத் தூக்கிவிடவில்லை.

அன்று ஓடியது சரி. அதை யாரும் நோய் என்று சொல்ல முடியாது. இங்கே பேசப்போவது வேறொன்றை. எச்சரிக்கை இல்லை, அலை இல்லை, கடல் குளம்போலக் கிடக்கிறது. இருந்தும் கல்லடியிலோ காரைதீவிலோ மணலில் கால் வைத்ததும் சிலருக்கு நெஞ்சு அடிக்கிறது, கை குளிர்கிறது. ‘எனக்கே தெரியுது ஒண்டும் இல்லெண்டு, ஆனா உடம்பு கேக்குதில்ல’ என்பார்கள். அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்கு ஏன் தெரிவதில்லை?

காதில் விழும் சத்தம் முதலில் மூளையின் நடுவிலுள்ள தலமஸ் என்ற பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று குறுக்குவழி. காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் வாதுமைக்கொட்டை அளவில் இருந்து, ஆபத்தென்றால் உடம்பை உசுப்பிவிடும் அமிக்டலாவுக்கு அது நேராகப் போகும். மற்றது மூளையின் மேலடுக்கான புறணி வழியாகச் சுற்றிப்போவது. ‘இது என்ன சத்தம், எங்கிருந்து வருகிறது’ என்று அலசுவது புறணி. குறுக்குவழியில் போன செய்தி முந்திக்கொள்கிறது. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளில் இந்த இரு வழிகளையும் தடம்பிடித்துக் காட்டினார். ஆக, கேட்ட இரைச்சல் பாரமேற்றிய லொறியின் உறுமல்தான் என்று நாம் கண்டுபிடிப்பதற்குள் அட்ரினலின் சுரந்து இதயம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘பயப்படாதே’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும் புத்திமதியும் சுற்றுவழியில்தான் வந்துசேர்கிறது. அதனால்தான் அது அவ்வளவாக எடுபடுவதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. இலங்கையில் அதிகம் உயிரிழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். அன்று தப்பியவர்களின் அமிக்டலா ஒரே காலையில் ஒரு பாடம் படித்தது. இரைச்சல், உப்பு வாடை, ஓடும் கால்களின் சத்தம் எல்லாமே சாவோடு முடிச்சுப் போடப்பட்டன. இந்த வகைப் பாடத்துக்கு இரண்டாம் தடவை தேவையில்லை.

சரி, படித்ததை மறக்க வைக்கலாமா? இதற்கான விடையின் தொடக்கம் ரஷ்யாவில், பாவ்லோவின் நாய்களிடம் இருக்கிறது. மணியடித்துச் சாப்பாடு கொடுத்தால் நாளடைவில் மணிச்சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பாதியைப் பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. சாப்பாடு கொடுக்காமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எச்சில் நின்றுபோகும். ஆனால் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அடித்தால் மீண்டும் ஊறும். அதாவது பழைய பாடம் அழியவே இல்லை. ‘மணி அடித்தாலும் சாப்பாடு வராது’ என்ற இரண்டாவது பாடம் அதன் பக்கத்தில் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பயத்துக்கும் இதே கதைதான். கல்லடியில் 2013இல் புதிய பாலம் திறந்தார்கள். பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தை இடிக்கவில்லை. மூளையும் அப்படித்தான் செய்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி ஒன்று ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதிய பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. பழையது கீழே அப்படியே நிற்கிறது.

இந்த இரண்டாம் பாடத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். பயம் எங்கே கற்றாலும் எங்கும் பரவும். அமைதியோ, கற்ற இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மார்க் பௌட்டன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓர் அறையில் பயம் தணிந்த எலியை வேறோர் அறைக்கு மாற்றினால் பயம் திரும்புகிறது. இடத்தையும் சூழலையும் குறித்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு இதில் பங்குண்டு.

நம் கரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வருடத்தின் நடுப்பகுதியில், கச்சான் காற்று வீசும் மாதங்களில், கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அப்போது பழகிப்பழகி ஒருவர் பயத்தைத் தணித்திருப்பார். பிறகு மாரி வருகிறது. வாடைக்காற்று, கறுத்த வானம், இரவெல்லாம் இரைச்சல், போதாததற்கு நினைவுதினமும் அதே டிசம்பரில். பயம் திரும்பிவிடும். ‘எல்லாம் வீணாப்போச்சு’ என்று நினைப்பார். ஒன்றும் வீணாகவில்லை. அவருடைய அமைதி வெயில்காலத்துக் கடலில் படித்தது, மாரிக்கடலை அது இன்னும் பார்க்கவில்லை. அப்புறம் செய்யவேண்டியது, பாதுகாப்பான தூரத்தில் நின்று மாரிக்கடலையும் பழகுவதுதான். காலையிலும் மாலையிலும், ஆளோடும் தனியாகவும், கல்லடியிலும் பாசிக்குடாவிலும்.

பழகுவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதல்ல. போகுமுன் மனம் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். ‘பத்து நிமிஷத்தில் மயங்கி விழுவேன்’ என்கிறதா? அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், பதினைந்து நிமிடம் இருந்து பார்க்கலாம். எதிர்பார்த்தது நடக்காமல் போகும் அந்த வியப்புத்தான் மூளைக்குப் புதுப் பாடம். பயம் எவ்வளவு இறங்கியது என்பது அதற்கு அடுத்தபடி. மாறாக, நெஞ்சடிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினால் கிடைக்கும் நிம்மதி, ‘ஓடியதால் பிழைத்தேன்’ என்ற பாடத்தை இறுக்கிவிடும். விலகி விலகிப் போகும் பயம் ஆயுசுக்கும் நிற்பது இதனால்தான்.

பயந்தவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் நூல் கட்டுவதும் நம் ஊர்களில் உண்டு. பக்கத்தில் ஆள் இருந்து அக்கறையோடு செய்யும் எதுவும் உடம்பை ஆற்றும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ‘நூல் இருந்ததால்தான் கடல் ஒன்றும் செய்யவில்லை’ என்று மூளை கணக்கெழுதிவிட்டால், நூல் அறும் நாளில் பயம் பழையபடி நிற்கும். பையில் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரைக்கும், கூடவே வரவேண்டிய மகனுக்கும் இதே கணக்குத்தான்.

நினைவையே மாற்றிவிடலாம் என்றும் செய்திகள் வரும். 2000இல் கரீம் நாடரும் லெடூவும், பயநினைவைக் கிளறிய கையோடு புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினால் எலிகளில் அந்தப் பயம் பலவீனமாவதைக் காட்டினார்கள். மனிதரில் முடிவுகள் ஒருசீராக இல்லை. அப்படி ஒரு மாத்திரை வந்தாலும் கரையில் வாழ்பவருக்கு அது நல்லதா என்பது எனக்குச் சந்தேகம். அடுத்த எச்சரிக்கை நிஜமாக இருந்தால் ஓட வைக்கவேண்டியது அந்தப் பழைய பாடம்தான்.

இதெல்லாம் கடலுக்கான பயத்தைப் பற்றியது. பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த துக்கத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதைப் பழகித் தணிக்கச் சொல்வது கொடுமை. அந்தக் காலை கண்முன் திரும்ப ஓடுகிறது, தூக்கம் வருவதில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் தனியாகக் கடற்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டாம். அரச ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வெளியே போக மனமில்லாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம்.