ஜீரணம், செரிமானம், சமிபாடு

குடமுழுக்கு அழைப்பிதழ்களில் ‘ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்’ என்று ஒரு நீண்ட தொடரைப் பார்த்திருப்பீர்கள். பழுதுபட்ட கோயிலைச் சீர்செய்து எடுப்பதுதான் ஜீர்ணோத்தாரணம். அதிலுள்ள ‘ஜீர்ண’மும் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் கவலைப்படும் ‘ஜீரண’மும் ஒன்றே. வடமொழியில் முதுமையுற்றது, நைந்தது, சிதைந்தது என்று அதற்குப் பொருள். மூப்பைக் குறிக்கும் ‘ஜரா’வும் அதே வேரில் பிறந்ததுதான். உண்ட உணவும் உருக்குலைவதால் அதற்கும் இந்தப் பெயர் வந்தது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ‘சீரணம்’ என்று எழுதுவார்கள்.

தமிழில் ‘செரி’ என்ற வினை இருக்கிறது. கட்டுமானம், பிடிமானம், தேய்மானம் போல அதனுடன் ‘மானம்’ சேர்ந்து ‘செரிமானம்’ ஆயிற்று. இலங்கைப் பாடநூல்கள் ‘சமிபாடு’ என்கின்றன. ‘சாப்பிட்டது செமிக்கவில்லை’ என்ற பேச்சுவழக்கு இரு கரையிலும் கேட்கும். இவை போக, பழைய சொல் ஒன்று குறளில் கிடக்கிறது:

மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது
அற்றது போற்றி உணின்.

‘அற்றது’ என்றால் செரித்தது. அறுதல் என்பதற்கு அறுபடுதல், தீர்தல் ஆகிய பொருள்களோடு செரித்தல் என்ற பொருளும் உண்டு. அதே அதிகாரத்தில் ‘தீயளவு’ என்றும் வருகிறது. வயிற்றில் ஒரு தீ இருந்து உணவைப் பக்குவப்படுத்துகிறது என்பது பழைய கருத்து. கிரேக்கரும் இதைச் சமைத்தலாகவே எண்ணினார்கள். 1836-இல் தியோடர் ஷ்வான் இரைப்பை நொதிக்கு ‘பெப்சின்’ என்று பெயரிட்டபோது எடுத்தாண்ட கிரேக்கச் சொல்லுக்குச் சமைத்தல் என்றும் பொருள்.

நைவதா, வேவதா, அறுவதா? இதை நேரில் பார்த்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட். 1822-இல் மாக்கினா தீவில் அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கி குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குள் போகும் துளை மூடவே இல்லை. 1825 ஆகஸ்ட் முதல் நாள் நண்பகலில், மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டார் பியூமான்ட். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இன்னொரு மணி நேரத்தில் நூலில் இருந்த பெரும்பாலானவை காணாமல் போயின. (செயின்ட் மார்ட்டின் பட்ட பாடு தனிக்கதை.) உள்ளே வெப்பமானியையும் விட்டுப் பார்த்தார். ஏறக்குறைய 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது வெறும் உடற்சூடு. இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சீசாவில் ஊற்றி, அதே சூட்டில் வைத்தபோதும் இறைச்சி கரைந்தது. வேலை செய்தது தீ அல்ல, நீர்.

அந்த நீரிலுள்ள அமிலமும் பெப்சினும் புரதத்தைத் துண்டாக்குகின்றன. மாவுச்சத்தை அறுக்கும் வேலை வாயிலேயே, உமிழ்நீரில் தொடங்கிவிடுகிறது. கொழுப்பைப் பித்தநீர் சிறு துளிகளாக்கித் தர, கணைய நீர் அறுக்கிறது. பெரும்பகுதி வேலை, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில்தான் நடக்கிறது. எங்கும் நடப்பது ஒன்றே: நீர் மூலக்கூறு ஒன்று புகுந்து ஒரு பிணைப்பு அறுகிறது. எனவே ‘அறுதல்’தான் வேதியியலோடு மிக அழகாகப் பொருந்துகிறது. உடனே வள்ளுவருக்கு வேதியியல் தெரியும் என்று கிளம்பிவிட வேண்டாம், தற்செயலான பொருத்தம்தான்.

இன்றைய எழுத்துக்கு அஜீரணம் என்பதைச் செரியாமை என்றும், ஜீரண மண்டலத்தைச் செரிமான மண்டலம் என்றும் எழுதலாம். ‘மண்டல’மும் வடசொல் ஆயிற்றே என்பவர்களுக்கு ‘அமைப்பு’ இருக்கிறது. ‘தோல்வியை ஜீரணிக்க முடியாமல்’ என்று செய்தித்தாள்கள் எழுதும் இடத்திலும் ‘செரிக்க முடியாமல்’ தடையின்றிப் பொருந்தும். ஜீர்ணோத்தாரணத்துக்குத் திருப்பணி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.