அட்ரோபி என்றால் தசைச் சூம்பல்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று அந்தக் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியும். தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். ஆடுசதை மற்றக் காலில் இருப்பதைவிட மெலிந்து, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். மருத்துவக் குறிப்பில் 'மஸில் அட்ரோபி' என்று எழுதுவார்கள். ஊரில் "கால் சூம்பிப் போச்சு" என்பார்கள்.

கிரேக்கத்தில் 'அ' என்றால் இல்லாமை, 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். ஊட்டமில்லாமல் வாடுவதுதான் அட்ரோபி. இதே வேரிலிருந்து வந்தவைதான் ஹைப்பர்ட்ரோபியும் (தசை தடிப்பது) டிஸ்ட்ரோபியும் (தசைநார்கள் சாகும் நோய்).

ஆனால் பெயர் சொல்லும் காரணம் பாதிதான் சரி. பட்டினி கிடந்தால் தசை கரையும், உண்மை. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருக்கும்போதும் அசையாமல் படுத்திருப்பவரின் தசை கரைகிறதே! போலியோவில் முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்கள் செத்துப்போகின்றன. அவை இயக்கிய தசைகள் மட்டும் சூம்புகின்றன. பக்கத்துத் தசைக்கு ஓடும் அதே இரத்தம்தான் அவற்றுக்கும் ஓடுகிறது. குறைவது ஊட்டம் அல்ல, தசைக்கு வர வேண்டிய செய்தி.

தசையை வளரச் சொல்லும் செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது? ஒரு முக்கிய வழி இது. இன்சுலினும் அதைப் போன்ற ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் தசைச் செல்லின் மேற்பரப்பில் வந்து ஒட்டினால், உள்ளே ஏகேடி என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது எம்டார் என்ற இன்னொரு நொதி வழியாகப் புதுப் புரதம் கட்டச் சொல்கிறது. கூடவே ஃபாக்ஸ்ஓ என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியே நிறுத்தியும் வைக்கிறது. ஏகேடி ஓய்ந்தால் கட்டும் வேலை குறைகிறது. ஃபாக்ஸ்ஓ உட்கருவுக்குள் நுழைந்து அட்ரோஜின்-1, மர்ஃப்-1 ஆகிய மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. இந்த இரண்டும் உண்டாக்கும் நொதிகள் தசைப் புரதங்களின்மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டுகின்றன. இடிக்க வேண்டிய சுவரில் சுண்ணாம்பால் குறி போடுவது மாதிரி. குறி விழுந்த புரதத்தைச் செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்ற புரத வெட்டி துண்டு துண்டாக வெட்டிவிடும். இந்த இரு மரபணுக்களும் 2001-இல் அடையாளம் காணப்பட்டன. இரண்டில் ஒன்று இல்லாத எலிகளின் நரம்பை வெட்டினாலும், மற்ற எலிகள் அளவுக்கு அவற்றின் தசை கரையவில்லை. ஆக, தசை தானாக வாடிப்போவதில்லை, உத்தரவின்பேரில் கழற்றப்படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஊட்டமின்மை' வேண்டாம். படிப்பவர் சத்துணவுக் குறைவு என்றே நினைப்பார். 'தசைச் சிதைவு' என்றும் எழுதக் கூடாது. அது டிஸ்ட்ரோபிக்கு நிலைத்துவிட்ட பெயர். டூஷேன் வகைச் சிதைவில் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால் தசைநாரின் சவ்வே கிழிகிறது, நார்கள் சாகின்றன. சூம்பலில் நார்கள் பெரும்பாலும் சாவதில்லை, இளைக்கின்றன. அதனால்தான் கட்டுப் பிரித்த கால் பயிற்சியில் மறுபடி தேறுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒரு குடும்பமே வீணாகப் பயந்துபோகும்.

'தசை மெலிவு', 'தசை நலிவு' இரண்டும் தவறில்லை. என் தேர்வு 'தசைச் சூம்பல்'. உறுப்பு வற்றிச் சிறுத்துப்போவதற்கென்றே தமிழில் இருக்கும் சொல் அது, பாட்டிக்கும் புரியும். ஹைப்பர்ட்ரோபிக்கு 'தசைப் பெருக்கம்' என்பதைவிட 'தசைப் பருமனாக்கம்' பொருந்தும். அங்கே நார்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் கூடுவதில்லை, ஒவ்வொரு நாரும் தடிக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் மூளைக்கு 'அட்ரோபி' என்று வந்தால் மட்டும் 'மூளைச் சுருக்கம்' என்று எழுதலாம்.