ஸ்டால் வேகம் என்பது ஒரே ஓர் எண்ணா?

சிறிய விமானங்களைப் பற்றிய பேச்சில் ‘ஸ்டால்’ என்ற சொல் வந்தால், இன்ஜின் நின்றுவிட்டது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது இறக்கையில் நிகழ்வது. எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் தாக்குகோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது (பெரும்பாலான சிறிய விமானங்களில் இது 15 முதல் 18 பாகைக்குள் இருக்கும்), மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சிதறுகிறது, விமானத்தை மேலே தாங்கும் ஏற்றவிசை சரிகிறது. இன்ஜின் முழு விசையுடன் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நிகழலாம்.

கோணத்தால் நிகழும் ஒன்றுக்கு வேகத்தை ஏன் அளவாகச் சொல்கிறோம்? வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்குவதற்காக விமானம் தாக்குகோணத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அந்தக் கோணம் எல்லையைத் தொடும்போது இருக்கும் வேகமே ஸ்டால் வேகம். எடை, ஃபிளாப்பின் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கக்கூடிய மடல்) நிலை, ஈர்ப்பு மையம், விமானத்தின் சாய்வு ஆகியவற்றில் எது மாறினாலும் அதுவும் மாறும்.

செஸ்னா 172எஸ் விமானத்தின் வேகமானியைப் பாருங்கள். அதன் முகப்பில் வரைந்துள்ள வெள்ளை வளைவு 40 நாட்டிலும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) பச்சை வளைவு 48 நாட்டிலும் தொடங்குகின்றன. ஃபிளாப்பை முழுவதும் இறக்கித் தரையிறங்கும் நிலையில் உள்ள ஸ்டால் வேகமே அந்த 40. அதன் பெயர் விஎஸ்0. பச்சையின் தொடக்கம் விஎஸ்1. ஃபிளாப் ஏற்றிய நிலையின் வேகம் என்று இதை மனப்பாடம் செய்வது வழக்கம். ஆனால் ‘குறிப்பிட்ட ஓர் அமைப்பில் கிடைக்கும் ஸ்டால் வேகம்’ என்பதே அதன் சரியான பொருள். எந்த அமைப்பு என்று சொல்லாதவரை அந்தச் சொல் முழுமை பெறுவதில்லை.

அதிகம் கவனிக்கப்படாத வேறுபாடு இன்னொன்று உண்டு. மூக்கு உயர்ந்திருக்கும்போது வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிடோ குழாய்க்குள் காற்று நேராக நுழைவதில்லை என்பதாலும் நிலை அழுத்த (சுற்றுப்புறக் காற்றின் அழுத்தம்) அளவீடு பிசகுவதாலும், வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. முள் 40 காட்டும் இடத்தில் பிழை நீக்கிய வேகம் 48 நாட். தரையிறங்க அணுகும் வேகம் விஎஸ்0 வேகத்தின் 1.3 மடங்கு என்ற விதியை முள் காட்டும் 40-க்குப் பொருத்தினால் 52 கிடைக்கும். முறைப்படி 48-க்குப் பொருத்தினால் 62. ஓடுபாதையை நெருங்கும் வேளையில் இந்த 10 நாட் மிகப் பெரிது.

சாய்ந்து திரும்பும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்க வேண்டும். ஸ்டால் வேகம் 2-இன் வர்க்கமூலமான 1.41 மடங்காக உயர்ந்து, ஃபிளாப் ஏற்றிய நிலையில் முள் காட்டும் 48 ஏறத்தாழ 68 ஆகிவிடும். இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள சிறு துளையின் வழியே காற்று உறிஞ்சப்படும்போது ஒலிக்கும் ஸ்டால் எச்சரிக்கை ஊதுகுழல், தாக்குகோணத்துக்கே செவிசாய்க்கிறது; ஆகவே அத்தகைய திருப்பத்தில், முள் பச்சை வளைவுக்குள் 70-ஐத் தாண்டி நிற்கும்போதே அது ஊதத் தொடங்கிவிடும்.