உருட்டிய மாவு ஏன் சுருங்குகிறது?

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத் தொடங்கிவிடும். மரபைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் அதன் பிறகு அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதற்குள் ஹல்லா என்ற பின்னல் ரொட்டி இரண்டு வெந்து மேசைக்கு வந்திருக்க வேண்டும். பின்னல் போடுவதில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

நான்கு வயதுப் பிள்ளை மாவை உள்ளங்கையால் உருட்டிக் கயிறாக நீட்டுகிறது. கையை எடுத்ததும் கயிறு நாலு விரற்கடை சுருங்கிவிடும். திரும்ப நீட்டினால் திரும்பவும் சுருங்கும். அழுகையே வந்துவிடும், பாவம். பிள்ளையின் கையில் குறையில்லை. கோதுமையின் குணம் அது.

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை கைகோத்து குளூட்டன் என்ற வலையாகின்றன. குளூட்டெனின் ரப்பர் போலப் பின்னுக்கு இழுக்கும். கிளையடின் நெகிழ்ந்து கொடுக்கும். உருட்ட உருட்ட வலை விறைத்து, பின்னுக்கு இழுக்கும் குளூட்டெனினின் கை ஓங்கிவிடுகிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்துணியால் மூடி, பத்து நிமிடம் மாவைச் சும்மா விட வேண்டும். புரத இழைகள் மெல்ல நழுவி இடம் மாற்றிக்கொள்ளும், விறைப்பு தளரும். அப்புறம் சின்னக் கைக்கும் மாவு இணங்கும். பரோட்டா மாவை ஊறவைத்து வீசுவதும் இதே காரணத்தால்தான்.

அந்த வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை, சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கரியமில வாயுவை வலை பிடித்து வைக்கிறது, மாவு உப்புகிறது. பெஸாக் என்ற யூதப் பண்டிகையில் உண்ணும், உப்பாத மட்ஸா ரொட்டிக்கு மட்டும் இந்த அவகாசமே கிடையாது. தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் அது வெந்தாக வேண்டும்.

ஹல்லாவில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றுவார்கள். பாலையும் இறைச்சியையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் உணவு விதி. ஷபாத் விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். எண்ணெயும் முட்டையின் மஞ்சள் கருவும் வலையின் முறுக்கைக் குறைப்பதால் ரொட்டி பஞ்சாக வருகிறது. மேலே தடவும் முட்டையின் புரதமும் மாவின் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து அந்தத் தேக்கு நிறத்தைத் தருகின்றன. தூரிகையைப் பிள்ளையிடமே கொடுங்கள், இரண்டு பூச்சு பூசட்டும்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குப் பலர் ஹல்லாவை வட்டமாகச் செய்வார்கள். ஒரே நீளக் கயிற்றை நத்தை ஓடு போலச் சுருட்டுவது அதில் ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. நீளம் வேண்டும் என்பதால் நடுவில் ஒருமுறை கூடுதலாகவே ஓய்வு கொடுங்கள். தேன் அதிகம் சேர்த்திருந்தால், அது ஈஸ்ட்டிடமிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மாவு மெதுவாகத்தான் எழும். சுருட்டும்போது கொஞ்சம் தளர்வாக விடச் சொல்லுங்கள். நடுவில் இறுக்கிவிட்டால் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல், அடுப்புக்குள் அது கோபுரமாக மேலே எழுந்துவிடும்.